கும்சூக் கடிகாரத்தை நிறுத்தினாள்

பத்து மணி நேரம் இருபத்திரண்டு நிமிடம் என்று காட்டிய நீல ஸ்டாப்வாட்சைப் படம் பிடித்துப் படிப்புக் குழுவில் போட்டாள் கும்சூக். ஒரே நிமிடத்தில் பதினோரு கைதட்டல்கள் வந்து விழுந்தன. "அக்கா, நீங்க மனுஷியா மெஷினா?" என்று எழுதியிருந்தாள் குழுத்தலைவி கியோங்ரன். கும்சூக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஜியோன்ஜு நகரத்துப் பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் பதினெட்டு வருஷம் அறுநூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள் அவள். நாற்பத்தொன்பது வயதில் தோள்பட்டை இனிப் பெரிய கரண்டியைத் தூக்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்றது. சரி போ என்று, வீடு நிலத் தரகர் உரிமத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தாள். அவள் வயதுப் பெண்களில் பாதிப் பேர் உட்காரும் தேர்வுதான் அது. ஆனால் முதல் சுற்றிலேயே இரண்டு முறை மண்ணைக் கவ்வியாயிற்று. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை மூன்றாவது முறை. இதிலும் தோற்றால் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு நாத்தனாரின் கோழிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். போயும் போயும் அந்த நாத்தனாரிடமா! நினைத்தாலே அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

குழுவில் பன்னிரண்டு பேர். பாதிப் பேரின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. படிக்க உட்கார்ந்தால் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். கழிப்பறைக்கு எழுந்தால்கூட நிறுத்த வேண்டும். சாயங்காலம் படம் போட வேண்டும். ஒரு மாதத்தில் மூன்று நாள் ஏழு மணி நேரத்துக்குக் கீழே போனால் ஆள் வெளியே. கும்சூக் ஒரு நிமிடம்கூட ஏமாற்றியதில்லை. காசு கட்டி இடம் பிடித்த பொதுப் படிப்பறையில் நாலு நிறப் பேனாவோடு உட்கார்ந்து கோடு கோடாகப் போட்டாள். சட்டப் புத்தகம் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி ஜொலித்தது. ஆகஸ்ட் மாத மாதிரித் தேர்வில் வந்ததோ நாற்பத்தேழரை. தேற வேண்டுமென்றால் அறுபது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சோயா விழுதுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, நகரப் பேருந்து ஓட்டும் கணவன் தல்ஹோ சாவகாசமாக வந்து மேசையில் உட்கார்ந்தான்.

"ஏம்மா படிப்பாளி, நாம இருபது வருஷமா ஒத்தி வீட்டுலதானே குடியிருக்கோம்? ஒத்திக்கு இருக்கறவனுக்கு என்னென்ன உரிமைன்னு கொஞ்சம் சொல்லேன்."

அந்தப் பக்கத்தை அவள் எட்டுத் தடவை படித்திருந்தாள். மஞ்சள் கோடு எங்கே, பச்சைக் கோடு எங்கே என்பதெல்லாம் கண்ணுக்குள் நின்றது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

"இருங்க, புத்தகத்தப் பாத்துச் சொல்றேன்."

"புத்தகத்தப் பாத்துன்னா நானும்தான் சொல்லுவேன்! அதுக்கு ஒனக்குப் பத்து மணி நேரமா?"

சுருக்கென்றது அவளுக்கு. திருப்பிக் கொடுக்க நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டே கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பை நாக்கில் வைத்தாள். உப்புக் குறைவு. போடக் கை நீண்டது, அப்படியே நின்றது. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது ருசி பார்க்காமல் சாப்பாட்டை அனுப்பியிருக்கிறோமா? அண்டா எத்தனை மணி நேரம் அடுப்பில் இருந்தது என்று ஒரு பிள்ளையாவது கேட்டதுண்டா?

"ஏய், குழம்பு அடிபிடிக்குது!" என்றான் தல்ஹோ.

திங்கட்கிழமை அவள் புத்தகத்தை மூடினாள். பழைய பள்ளிக்கூட உணவுப் பட்டியலின் வெற்றுப் பக்கத்தில் 'ஒத்தி உரிமை' என்று தலைப்பிட்டு, நினைவில் இருப்பதை மட்டும் எழுதினாள். நாலு வரி வந்தது. இரண்டு வருஷப் படிப்புக்கு நாலே வரி! அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டதையெல்லாம் சிவப்பில் எழுதினாள், மூடினாள், மறுபடி எழுதினாள். ஒரு மணி நேரத்தில் மண்டை காய்ந்து போனது. வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால்தான் மேலே ஓடியது. நடக்கும்போது கடிகாரம் நின்றது.

சாயங்காலம் நாலு மணி நேரம் நாற்பது நிமிடம். ஓடவிட்டிருக்கலாமே என்று மனசு அரித்தது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி போட்டாள். ஒரு கைதட்டல்கூட இல்லை. மறுநாள் ஐந்தே கால்.

மூன்றாம் நாள் மதியம், அதே படிப்பறையில் படிக்கும் கியோங்ரனுடன் வழக்கம்போலச் சாப்பாடு. இருவரும் சாப்பாட்டுத் தோழிகள்: இருபது நிமிடம், முளைப்பயறு சூப், சோறு, அநாவசியப் பேச்சு கிடையாது. அன்றைக்குக் கியோங்ரன் அதை மீறினாள்.

"அக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். புத்தகத்த மூடி வச்சுட்டு, 'ஒத்தி உரிமை'ன்னு தலைப்புப் போட்டு நெனவுல இருக்கறத எழுதிப் பாக்குறேன்."

"மூடி வைக்கவா அதக் காசு குடுத்து வாங்கினீங்க?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கும் ஏழு வரலேன்னா ஒங்கள நான் எடுத்தாகணும். நடக்கப் போறப்ப கடிகாரத்த ஓடவிட்டுடுங்க. நானே செல நாள் அப்படித்தான். யாரு பாக்கப் போறா?"

"பரீட்சத் தாள் பாக்குமே, கண்ணு."

கியோங்ரனின் முகம் சிவந்தது. மீதிச் சூப்பை வேகமாகக் குடித்துவிட்டு எழுந்துபோனாள். அன்று மாலை கும்சூக் நாலே முக்கால் என்று படம் போட்டாள். ஐந்தாவது நிமிடம் குழு அவள் கைப்பேசியிலிருந்து காணாமல் போயிற்று. செய்தது சரிதான் என்று தெரிந்தும் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குக் கியோங்ரன் வரவும் இல்லை.

தேர்வு நாளன்று ஒத்தி உரிமையைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. ஐந்து விடைகளையும் படிக்கும் முன்பே பதில் நாக்கில் வந்து நின்றது. அவளுக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மேசைக்காரி முறைத்தாள்.

நவம்பர் கடைசியில் முடிவு வந்தது. உடனே பேருந்து நிலையத்தில் வேலையிலிருந்த தல்ஹோவைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"அறுபத்திரண்டரை! மொத சுத்துத் தாண்டிட்டேன்!"

"அடி சக்கை! அப்ப எங்கக்காகிட்டக் கோழி பொரிக்க வேற ஆளப் பாக்கச் சொல்லிடவா?"

"மொதல்ல அதச் சொல்லுங்க. வண்டிய அப்பறம் எடுக்கலாம்!"

நீல ஸ்டாப்வாட்ச் அடுப்பு மேடைக்குக் குடிபோயிருந்தது, முட்டை வேகும் நேரம் பார்க்க. அன்று மதியம் அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி முனகியது. மூன்று மாதத்துக்குப் பிறகு கியோங்ரன்.

"எனக்கு அம்பத்திரண்டரைதான் அக்கா."

அதன் கீழே ஒரு படம். வெள்ளைத் தாள், மேலே 'ஒத்தி உரிமை' என்ற தலைப்பு, அதன் கீழ் கோணல் கையெழுத்தில் இரண்டே வரி. "சிரிக்காதீங்க" என்று அடுத்த செய்தி.

கும்சூக் சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: "எனக்கு மொத நாள் நாலு வரி. நாளைக்கு மத்தியானம் சாப்பிட வா. அந்தத் தாளையும் எடுத்துட்டு வா."