ஊக்கு குத்திய சட்டைப்பை

மானாம்பதியில் இருந்த என் மனையை விற்றுக் கொடுத்தவர் உத்திரமேரூர்த் தரகர் ஒருவர். தலை நரைத்திருந்தாலும் மீசைக்கு மட்டும் மை போட்டிருப்பார். போனைச் சட்டைப்பையில் வைத்து, பையின் வாயில் ஊக்கு குத்தியிருப்பார். மணி அடித்தால் ஊக்கைக் கழற்றிப் பேசுவார். முடித்ததும் மறுபடி குத்திக்கொள்வார்.

“பார்ட்டிங்க ஆதாரு, பட்டா எல்லாம் இதுலதான் சார் கீது. சேப்டி முக்கியம்” என்பார்.

அவருக்கு என் ஆதாரையும் பட்டாவையும் அனுப்பிய மறுநாளே, முகம் தெரியாத தரகர்கள் போன் செய்து, ஆதாரில் இருந்த என் அப்பா பெயரைச் சொல்லி என்னிடம் விலை பேசினார்கள். நேரில் போய்ச் சண்டை போட்டேன்.

“வெளியாளுக்கா குட்தேன்? நம்ம புரோக்கருங்க குரூப்லதான் சார் போட்டேன்” என்றார். ஆனாலும் என் கோபத்தைப் பார்த்து, தன் போனிலிருந்து இரண்டையும் என் கண்ணெதிரே அழித்தார்.

பத்திரம் எழுதப் போன அன்று என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. நகல்கள் வீட்டில். எழுத்தர் ஆதாரைக் கேட்டார். நான் தரகரைப் பார்த்தேன்.

“நீங்கதான சார் அழிக்கச் சொன்னீங்க?” என்றபடி ஊக்கைக் கழற்றினார். அதே வாட்ஸப் குரூப்பில் பேசி அனுப்பினார்: “மானாம்பதி சார் ஆதாரு, பட்டா யாராண்டனா கீதா?”

டீ வருவதற்குள் ஆளாளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏனாத்தூர்த் தரகர் ஒருவர் அனுப்பியது, ஓரமெல்லாம் வெட்டி, நான் கொடுத்ததைவிடத் தெளிவாக இருந்தது.

“பாத்தீங்களா, எங்கியும் போவல” என்று சொல்லிவிட்டு, போனை உள்ளே வைத்து ஊக்கைக் குத்திக்கொண்டார்.

அந்த ஊக்கு எதைக் காவல் காக்கிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.