மனுவின் முதல் கையெழுத்து

ஆர்லின் வோகல் எளிதில் கலங்குகிற பெண் அல்ல. முப்பத்தொரு வருடம் எங்கள் கோல்ட்ரன் ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர். ஒருமுறை பனியில் வண்டி பள்ளத்தில் சரிந்தபோது, பிள்ளைகள் அத்தனை பேரையும் இறக்கி நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்த பிறகுதான் தன் மணிக்கட்டு ஒடிந்திருந்ததைப் பார்த்தார். எனக்கு அடுத்த வீடு; வோகல் என்பது கணவர் வழி வந்த பெயர்.

மரப்படைக்காரர்களுக்குப் பூங்காவில் நினைவுக்கல் வைப்பதென்று முடிவானதும், பெயர்களைத் திரட்டும் வேலை அவரிடம் வந்தது. முப்பதுகளில் அமெரிக்காவே வேலையில்லாமல் கிடந்தபோது, அரசாங்கம் இளைஞர்களை மரப்படை என்று சேர்த்துக் காட்டுக்குள் முகாம் போட்டது. மொட்டையாகிப்போன எங்கள் மலைகளில் மரம் நட்டதும் பாதை வெட்டியதும் அவர்கள்தான். ஆர்லினுக்குச் சொந்தக் கடனும் இருந்தது. 1935 ஏப்ரலில் காட்டுத்தீ அவர்கள் பண்ணை வேலிவரை வந்துவிட்டது. முகாம் பையன்கள் வந்திராவிட்டால் குடும்பமே மிஞ்சியிருக்காது என்று அவருடைய அப்பா வால்ட்டர் ஹெஸ் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஆர்லினுக்கு ஐந்து வயது. புகையும், யாரோ தன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதும்தான் நினைவு.

நூற்றெண்பது பெயர்கள் சேர்ந்தன. கல்லும் வெட்டியாயிற்று. விடுபட்டவர் யாரேனும் உண்டா என்று பார்க்க, 1996 மார்ச்சில் அவர் நீதிமன்றக் கட்டடத்தில் பழைய ஆவணங்கள் இருக்கும் நிலவறைக்குப் போனார்.

மதியம் என் கதவைத் தட்டினார். வெளியே அவருடைய கார் அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"வெர்ன், இதை வாசிச்சுச் சொல்லு. நான் தப்பா வாசிச்சிருக்கணும்."

தப்பாக வாசிக்கவில்லை. மலையிலுள்ள கறுப்பர் முகாமை எங்கள் ஊரைவிட்டு அகற்றவேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதிய மனு அது. தேதி 1935 மே 14. கீழே இருநூற்றுச் சொச்சம் கையெழுத்து. முதல் கையெழுத்து வால்ட்டர் ஹெஸ். ஒன்பதாவது என் தாத்தா.

மரப்படையில் கறுப்பர்களுக்கென்று தனி முகாம் ஒன்று இருந்ததே எங்கள் இருவருக்கும் தெரியாது. பள்ளியில் சொல்லவில்லை, வீட்டில் சொல்லவில்லை. நாங்கள் கல்லில் வெட்டியிருந்தவர்கள் வெள்ளைக்காரப் பையன்கள். அவர்கள் வந்ததே அந்த ஜூலையில்தான். ஆர்லின் என் சமையலறையில் உட்கார்ந்து மாதங்களை விரல்விட்டு எண்ணினார். ஏப்ரலில் தீ. மேயில் மனு. ஜூலையில் மற்றவர்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எப்படி எண்ணினாலும் தீயை அணைத்தவர்கள் விரட்டப்பட்டவர்களாகவே இருந்தார்கள்.

நினைவுக்கல்லுக்கான குழுவில் ஆர்லின் விஷயத்தைச் சொன்னார். தலைவர் மெதுவாக, "கல்லு வெட்டியாச்சு ஆர்லின். செத்தவங்களை எதுக்குத் தோண்டணும்?" என்றார்.

"ஆறு மாசமா நாம வேற என்ன பண்ணிக்கிட்டிருக்கோம்?"

இரண்டு பேர் குழுவைவிட்டு விலகினார்கள். ஆர்லின் வாஷிங்டனுக்கு எழுதி அந்த முகாமின் பட்டியலை வாங்கினார். விலாசம் தேடித் தேடிக் கடிதம் போட்டார். கடைசியில் உயிரோடிருந்த ஒரே ஒருவரிடமிருந்து பதில் வந்தது. பிட்ஸ்பர்கில் இருந்த ஓட்டிஸ் ராலின்ஸ், எண்பது வயது, ஓய்வுபெற்ற தபால்காரர். நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று ஆர்லின் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

மனுவை அவர் மேசையில் வைத்து, முதல் பெயர் தன் அப்பாவுடையது என்றார் ஆர்லின். ராலின்ஸ் கண்ணாடி போட்டு நிதானமாக வாசித்தார். அவர் முகம் மாறவில்லை.

"இது எனக்குத் தெரியும்மா. உங்கப்பாவே வந்து சொன்னாரு."

தீ அணைந்த மறுநாள், மனைவி சுட்டுத் தந்த ஆறு ஆப்பிள் கேக்கோடு வால்ட்டர் தன் லாரியில் முகாமுக்கு வந்திருக்கிறார். ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். மனு கொடுத்த பிறகு அதே லாரியில் மறுபடி வந்தார். இம்முறை கீழே இறங்கவில்லை.

"'உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லப்பா, நான் இந்த ஊர்ல பொழைக்கணும்'னாரு. அதைச் சொல்றப்போ அழுதாரு. நாங்க என்ன பண்றதுன்னு தெரியாம நின்னோம். அழுற ஆளை எப்படித் திட்டுறது?"

ஆர்லின் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார் என்று கேட்டார்.

"நீங்கதானா அந்தக் குழந்தை?" ராலின்ஸ் முதல்முறையாக அவரை உற்றுப் பார்த்தார். "கிளைட் மேபரி. அவன் கை ரெண்டும் வெந்துபோச்சு. எங்களை ஏத்திக்கிட்டுப் போக லாரி வந்தப்பகூட கட்டுப் பிரிக்கல. நாங்கதான் அவனைத் தூக்கி ஏத்தினோம்."

மேபரி 1961இல் இறந்துவிட்டார் என்றும் சொன்னார்.

திரும்பும்போது காருக்கருகே வந்ததும் ஆர்லின் சாவியை என்னிடம் நீட்டினார். அவர் தன் கார்ச் சாவியை வேறொருவர் கையில் கொடுத்து அதுவரை நான் பார்த்ததில்லை. நூற்றைம்பது மைலும் நான்தான் ஓட்டினேன்.

அடுத்த வருடம் அக்டோபரில் இரண்டாவது கல் நின்றது. நூற்று அறுபத்துநான்கு பெயர்கள். ஊரிலிருந்து நாற்பது பேர்கூட வரவில்லை. ராலின்ஸ் மகளோடு வந்து, தன் பெயரைக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். சாப்பிட இருக்கச் சொன்னோம். நேரமாகிவிட்டது என்றார்.

மனுவின் நகலை ஆர்லின் நூலகத்தில் சட்டம்போட்டு மாட்டினார். யாரோ இருமுறை கழற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாவது நகல் இன்னும் இருக்கிறது. அப்பாவின் படத்தை மட்டும் சாப்பாட்டு அறையிலிருந்து எடுத்துவிட்டார். எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. ஒன்பதாவதாகக் கையெழுத்திட்ட என் தாத்தாவின் படம் எங்கள் கூடத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆர்லின் வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பார்.