புல்வெளிக்கு ஹெல்மெட்

இன்று காலை எங்கள் பனியன் கம்பெனி முகப்பில் மெஷினால் புல் வெட்டிய மாரக்காவின் புருவத்தில் கல் தெறித்து ரத்தம். கண் தப்பியது.

பாதுகாப்புக் கண்ணாடிகள் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கின்றன. பாதுகாப்பு அதிகாரி நான், சாவி மேனேஜரிடம்.

கேட்டேன். "இப்பவே போட்டுக் கீறல் உழுந்துட்டா, ஆர்டர் குடுக்கற பையர் பார்க்க வர்றப்ப என்னத்தைங்க காட்டறது?" என்றார்.

வேறு வழியில்லாமல் முகக்கண்ணாடி வைத்த என் பைக் ஹெல்மெட்டை அக்காவுக்கு மாட்டிவிட்டேன்.

மதியம் மேனேஜர் புல்வெளிக்கே வந்துவிட்டார். "கேட்டுக்கு முன்னால இதென்ன கோலமுங்க? கழட்டச் சொல்லுங்க, இல்லீன்னா ஆளை நிறுத்திருங்க."

நான் வாய் திறப்பதற்குள் அக்காவே கழற்றி நீட்டினார். "வாங்கிக்குங்க சார். கண்ணுக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரி இருக்குது. வேல போச்சுன்னா எங்கீங்க போறது?"

வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் அதை மாட்டிக்கொண்டு பாதுகாப்பு அதிகாரியாகிய நான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன்.

உங்கள் கம்பெனியிலும் என்னைப்போல் ஒருவர் இருக்கிறாரா, நண்பர்களே?