ஞாயிற்றுக்கிழமைத் துணி

தையல்காரிக்குத் தன் ஓரகத்தி மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன், தெருவுக்கே தெரியும்.

கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு அந்த டீச்சர் வந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் ஓடைக்கே சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள். சாயத் தொழிற்சாலை கழிவுநீரை ஓடையில் விடுகிறது என்று ஒரு நாள் தெருமுனையில் நின்று பேசினாள், அவ்வளவுதான். நூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

அதே அலுவலகத்துக்கு மூன்று வருடமாக நடையாய் நடந்தவள் தையல்காரி. அவளை ஒருவரும் ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை. அவளுக்குக் கூட்டத்தில் பேச வராது, தெரிந்ததெல்லாம் துணிதான். பின்பக்கத்து ஜன்னலுக்குக் கீழேயே ஓடை. தினமும் காலை பத்து மணிக்கு விரல் நீள வெள்ளைத் துணி ஒன்றை நூலில் கட்டி நீரில் முக்குவாள். காயவைத்து, தேதி எழுதி, பழைய அளவு நோட்டில் குண்டூசியால் குத்துவாள். பக்கத்துக்கு ஏழு துணி. ஆறு வெள்ளையாக இருக்கும். ஏழாவது, ஞாயிற்றுக்கிழமைத் துணி, ஒரு வாரம் ஊதா, ஒரு வாரம் சிவப்பு. அலுவலகத்துக்கு விடுமுறை, சோதிக்க யாரும் வரமாட்டார்கள் என்றுதான் தொழிற்சாலைக்காரர்கள் அன்றைக்குக் கழிவுத் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். அவள் நோட்டை நீட்டியபோது, "கந்தல் துணியெல்லாம் இங்க எதுக்கும்மா?" என்று குமாஸ்தா சிரித்தான்.

ஓடை நீர் ஊறித்தான் வீட்டுக் கிணறு நிறையும். அதில் குளித்துக் குளித்து அவள் மகளுக்குக் கால் முழுக்கச் சிரங்கு. இந்த லட்சணத்தில் தொழிற்சாலை இரண்டாவது குழாய்க்கு வேறு அனுமதி கேட்டிருந்தது. அதிகாரி நேரில் வந்து பார்த்து, ஓடை சுத்தம் என்று எழுதிவிட்டால் கிடைத்துவிடும்.

"அக்கா, அதிகாரி புதன்கிழமை வர்றாரு! நானே பேசி நாள் வாங்கிட்டேன்" என்று துள்ளிக்கொண்டு வந்தாள் ஓரகத்தி.

புதன்கிழமை! தையல்காரியின் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. எடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த 'நானே' குத்திய குத்தில் அவள் எடுக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு மிஷினை மிதித்தாள். ஒரு தடவையாவது இவள் மூக்கு உடைபடட்டும் என்றிருந்தது.

புதன்கிழமை தெருவே கரையில் கூடியது. ஓடை பளிச்சென்று ஓடியது. அதிகாரி பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல என்னம்மா குறை?"

தொழிற்சாலை மேனேஜர் கமுக்கமாகச் சிரித்தார். டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று. "இல்ல சார்... சாயம் வரும் சார்..." என்று தடுமாறினாள். ஜன்னலில் நின்ற தையல்காரிக்கு உள்ளுக்குள் இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. அதிகாரி பேனாவைத் திறக்கும்வரைதான்.

மகளின் கால் நினைவுக்கு வந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"எழுதாதீங்க சார்! முதல்ல இதப் பாருங்க."

ஏழாவது துணிமேல் விரலை வைத்துக் காட்டினாள். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். மேனேஜர் கழுத்தை நீட்டியதும் நோட்டை மூடினார்.

"இன்னொரு நாள் வர்றேன்" என்றார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

அதிகாரியும் மேனேஜரும் போன பிறகு ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இத்தன நாளா தெரியுமா? எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"பொறாமைடி. வேற என்ன?"

விடுமுறை என்றும் பாராமல் அதிகாரி அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார். பாட்டில் நிறைய ஊதா. தொழிற்சாலைக் குழாய்க்குச் சீல் வைத்தார்கள், இரண்டாவது குழாய் என்ற பேச்சே அடங்கிப் போயிற்று. செய்தித்தாள் படத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றவள் ஓரகத்தி. தையல்காரிக்கு ஓரத்தில் ஒரு தோள் மட்டும் விழுந்திருந்தது. அன்று முழுக்க அவள் மிஷினைப் போட்டு மிதி மிதியென்று மிதித்தாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் துணியை முக்கிக் காயவைத்தாள். நோட்டில் குத்தப்போகும்போது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள் ஓரகத்தி.

"என்ன கலர்க்கா?"

வாயில் குண்டூசி இருந்தது. எடுத்தாள்.

"வெள்ளைடி. வந்து பாரு. அடுத்த படத்துல மட்டும் நடுவுல நான்தான், சொல்லிட்டேன்."