பசி அழுகை

சித்திக்குக் குழந்தை பிறந்த மாதம்தான் எங்கள் வீட்டுக்கு டச் ஃபோன் வந்தது. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் பாடத்துக்கென்று அம்மா வாங்கித் தந்தது. நான் படித்ததோ குழந்தையின் அழுகையை. சித்தியும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்ததால் அதற்குப் பஞ்சமில்லை. குழந்தை அழும்போதெல்லாம் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். மூச்சுப் பிடித்து, விட்டுவிட்டுக் கத்தினால் பசி. சிணுங்கிக்கொண்டே போனால் துணி ஈரம். இழுத்து இழுத்து ஓய்ந்தால் தூக்கம். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பதினோரு வயதிலேயே டாக்டராகிவிட்ட நினைப்பு எனக்கு.

மூன்றாம் மாதம் சித்தி மறுபடி கொழுந்து பறிக்கப் போனாள். பகலில் குழந்தை பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் இருக்கும். அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்துக்குச் சிக்னல் கிடைப்பது மேல்மலையில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் மட்டும்தான். பாடம் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் காலை அங்கே ஏறிப் போனேன். பெண்கள் நிறுப்பதற்கு வரிசையில் நின்றார்கள்.

"புள்ள அழுவுறத வச்சே எல்லாம் சொல்லிருவியாமே, எங்க, போட்டுக் காட்டு பாப்பம்" என்றார் கணக்குப்பிள்ளை.

கேட்கவா வேண்டும். சத்தத்தை முழுதாகக் கூட்டி, இருப்பதிலேயே நல்ல பசி அழுகையைப் போட்டேன்.

வரிசையில் நின்ற சித்தி திடுக்கிட்டுப் பிள்ளை மடுவத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அதற்குள் அவள் சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து, ஈரம் பரவிக்கொண்டே போனது.

"ஃபோனுக்கே பால் சுரக்குதே" என்றார் கணக்குப்பிள்ளை. தராசு பிடித்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சித்தி என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தாள். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. சித்தியின் உடம்பே நம்பிவிட்டது என்றால் என் பதிவு எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்! இன்னொரு தடவை போட்டேன். இதை எழுதும்போதும் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது. முதல் தடவை தெரியாமல் செய்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதற்கு என்ன சொல்வது?

சித்தி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "நிறுத்து புள்ள" என்று பக்கத்து வீட்டு அக்கா என் ஃபோனைப் பிடுங்கினாள். நிறுக்காமல் போனால் காலையிலிருந்து பறித்தது வீண். அதனால் சித்தி அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே, தன் முறை வரும்வரை குனிந்த தலையோடு நின்றாள்.

சாயங்காலம் சித்தியிடம் மன்னிப்புக் கேட்டேன், பாடத்துக்கு வாங்கிய ஃபோனில் விளையாடியதற்காக.

"சரி, போய்ப் படி" என்றாள்.

எப்போதும் எங்களோடு கதை பேசிக்கொண்டே பால் கொடுப்பவள், அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குழந்தைக்குக் குளிர்காற்று படாமலிருக்கத்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து, நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.