பட்டாளத்து லாரியின் நீலப் புகை

1. புகையோடு வந்தவர்கள்

அன்று காலை மலைமேல் செம்மேட்டில் என் மெக்கானிக் ஷெட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் தட்டைக் கையால் மூடிக்கொண்டார்கள். பஞ்சாயத்திலிருந்து கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்களாம். புகை கொஞ்சம் விலகியதும் உள்ளே ஒரு லாரியின் மூக்கு தெரிந்தது. அரியூர் நாட்டு வெள்ளையண்ணனின் பட்டாளத்து லாரி. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு.

ராணுவம் ஓட்டி ஓய்ந்து ஏலத்தில் விட்ட வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கும். ரோடு இல்லாத பலாத் தோப்புக்குள் இறங்கி, பழத்தை ஏற்றிக்கொண்டு சோளக்காட்டுச் சந்தைக்கு வரும். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பழைய பச்சை போன இடத்தில் துரு, துருவின் மேல் வெள்ளையண்ணன் அடித்த வேறொரு பச்சை. அவருக்கு அதன்மேல் உயிர். அவர் மனைவி பாப்பாத்தியக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். வாசலெல்லாம் ஆயில், கோழியெல்லாம் கறுப்புக் காலோடு திரிகிறது, இந்தச் சனியனை விற்றுத் தள்ளுங்கள் என்று அந்த அக்கா திட்டுவது அடுத்த நாடு வரைக்கும் கேட்கும்.

அன்று இரண்டு பேரும் சேர்ந்தே வந்திருந்தார்கள். பின்னாலேயே பைக்கில் அடிவாரத்துக் காயலாங்கடைக்காரர் ராசுவும் வந்து இறங்கினார். எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கிற டர்போ போயிருந்தால் வண்டியை ராசுவுக்குக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்தக் காலத்து வண்டிக்கு இப்போது டர்போவுக்கு எங்கே போவது? ஆக, நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் வெள்ளையண்ணனின் லாரி இருந்தது. ராசு அதற்குள் பெண் பார்க்க வந்தவர் மாதிரி வண்டியைச் சுற்றி வந்து பம்பரைத் தட்டிப் பார்த்தார்.

“டர்போ போயிருச்சுங்க மேஸ்திரி. இதுக்கு மேல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?” என்றார்.

என் ஷெட்டில் எனக்கு முன்னால் தீர்ப்புச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவரை டீ குடிக்கப் போகச் சொன்னேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே ஒரு பாடம். டர்போவுக்கு மேலே இருந்து ஆயில் பிரஷரில் வரும். வேலையை முடித்துக்கொண்டு கீழே ரிட்டன் ஹோஸ் என்கிற ரப்பர் குழாய் வழியாக, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்புக்குப் போகும். மேலே வருகிற ஆயிலைத் தள்ள பம்ப் இருக்கிறது. கீழே போகிற ஆயிலைத் தள்ள யாரும் கிடையாது, அது சரிவில் தானாக வழிந்துதான் போகவேண்டும். அந்த வழி அடைத்தால் ஆயில் சீலைத் தாண்டி சைலன்சருக்குள் இறங்கி நீலப் புகையாக வரும். பார்க்கிறவர்கள் டர்போ செத்தது என்பார்கள். பாதி நேரம் அது செத்திருக்காது, அவசரத்துக்கு இறங்க இடம் கிடைக்காத பஸ் பயணி மாதிரி தவித்துக்கொண்டிருக்கும்.

ஏர் பைப்பைக் கழற்றி, டர்போ ஷாஃப்டை விரலால் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. எனக்குச் சந்தோஷம். ஆனால் முகத்தில் காட்டவில்லை. முகத்தில் காட்டினால் ராசு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

2. எலி

ஆயில் ஒழுகுமே, இப்போது எப்படி என்று வெள்ளையண்ணனைக் கேட்டேன். கொஞ்ச நாளாகத் தானாக நின்றுவிட்டது என்றார் பெருமையாக. காய்ச்சல் தானாக நிற்கும், சண்டை தானாக நிற்கும். ஆயில் ஒழுகல் தானாக நின்று நான் பார்த்ததில்லை. யாராவது கை வைத்தீர்களா என்று கேட்டேன். யாரும் தொடவே இல்லை என்று குலசாமி மேல் சத்தியம் செய்தார். பாப்பாத்தியக்கா மட்டும் எதிர்ப்புறம் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியில் ரிட்டன் லைன் மூன்று துண்டு. நடுவில் இரும்புக் குழாய், மேலும் கீழும் ரப்பர் ஹோஸ். மேல் ஹோஸ் வெந்த கிழங்கு மாதிரி கையோடு உதிர்ந்து வந்தது. கீழ் ஹோஸ் வரவில்லை. கத்தியால் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிளந்து பார்த்தால் உள்ளே கோலி உருண்டை அளவுக்குப் பழுப்பாக ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தேன். பலாப்பால்.

எங்கள் மலையில் எது விரிசல் விட்டாலும் பலாப்பால்தான். பானை, முறம், தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் பாலைச் சூடுபண்ணி, துணியில் தோய்த்து ஒட்டிவிடுவார்கள். ஜென்மத்துக்கும் விடாது. ஆனால் பானைக்குள் கொதிக்கிற எஞ்சின் ஆயில் ஓடுவதில்லை. இங்கே சூட்டில் பால் இளகி, ஒட்டிய துணியையும் இழுத்துக்கொண்டு உள்பக்கமாக வழிந்து, வளைவில் போய் உருண்டை கட்டிவிட்டது. யாரோ கிளாம்ப்பைக் கழற்றி, குழாய் முனையில் பால் தோய்த்த துணியைச் சுற்றி, ஹோஸைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். வேலை என்னமோ சுத்தமான வேலை.

உருண்டைக்குள்ளிருந்து துணியை இழுத்தேன். ஊதா நிறச் சேலைக் கரை. நிமிர்ந்தேன். பாப்பாத்தியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரையும் ஏற இறங்கப் பார்க்கிற கண் அன்றைக்கு என்னைக் கெஞ்சியது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விற்கச் சொல்கிற ஆள் எதற்காக ஒழுகலை அடைக்க வேண்டும்?

வெள்ளையண்ணன் என்னவென்று எட்டிப் பார்த்தார்.

“எலிங்க” என்றேன். “துணியெல்லாம் இழுத்துட்டுப் போய் வெச்சிருக்குது.”

பலாப்பால் எப்படி வந்தது என்று அவர் கேட்டார். பழம் தின்கிற எலி, வாயில் ஒட்டியிருக்கும் என்றேன். வெள்ளையண்ணன் நல்ல மனிதர், நம்பிவிட்டார். அப்புறம் அரைமணி நேரம் எலிகளின் அட்டகாசத்தைப் பற்றி டீக்கடையே பேசியது. ராசுகூடத் தன் கடையில் ஒரு எலி பேட்டரி வயரைத் தின்ற கதையைச் சொன்னார்.

3. ஏற்றம்

எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்குகிற ஹோஸ் மலையில் கிடைக்காது. நாமக்கல் கடைக்குப் போன் போட்டு, பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னேன். பம்ப்செட் ஹோஸை வெட்டி மாட்டலாமே என்று டீக்கடையிலிருந்து யோசனை வந்தது. அது ஒரே வாரத்தில் ஊதிப்போகும். அதற்குப் பலாப்பாலே தேவலை.

ஹோஸ் வருவதற்குள் சம்பைக் கழற்றி, ஆயிலை வடிகட்டுகிற ஸ்டெயினரைக் கழுவி, புது ஆயில் ஊற்றினேன். இரும்புக் குழாயில் கம்பி விட்டுச் சுரண்டினேன். புது ஹோஸ் இரண்டையும் எங்கும் தொங்காமல், மடங்காமல், சரிவாக இருக்கும்படி அளந்து வெட்டி மாட்டினேன். மேலே இருந்து ஆயிலை விட்டு, கீழே தடங்கலில்லாமல் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.

ஸ்டார்ட் ஆனது. காலையில் வந்ததைவிட அதிகமாகப் புகைந்தது.

டீக்கடையில் சிரித்தார்கள். சைலன்சருக்குள் தேங்கின பழைய ஆயில் எரிந்து தீரவேண்டும், ஒரு ஏற்றத்தில் இழுத்துப் பார்க்கலாம் என்றேன். ராசு துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, மேஸ்திரி என்றால் அப்படித்தான் சொல்வார் என்றார். பிறகு வெள்ளையண்ணனின் தோளில் கை வைத்து, இன்றைக்கே பேசி முடித்துவிடலாம் என்றார்.

வெள்ளையண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு, கேபினில் ஒட்டியிருந்த சாமி படத்தை நகத்தால் பெயர்க்க ஆரம்பித்தார். படம் கிழியாமல் இருக்க ஓரத்திலிருந்து மெதுவாக, மெதுவாக.

“அதை எதுக்குங்க கழட்டறீங்க? அங்கயே இருக்கட்டும்.”

பாப்பாத்தியக்கா. சேலையைச் செருகிக்கொண்டு இடதுபக்கமாகக் கேபினில் ஏறினார். மேலே இருந்து ராசுவைப் பார்த்து, “எலியுமில்ல, பூனையுமில்லைங்க. பாலை வெச்சது நானு. நீங்க போயிட்டு வாங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “மேஸ்திரி, ஏறுங்க. எந்த ஏத்தம்?” என்றார்.

நான் நடுவில் உட்கார்ந்தேன். வெள்ளையண்ணன் வண்டியை எடுத்தார். ஊருக்கு வெளியே இருக்கும் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறினோம். பின்னால் ஊரே மறைகிற புகை. முதல் வளைவில் அது சாம்பல் நிறமானது. பாதி ஏற்றத்தில் கிழிந்த கொசுவலை மாதிரி ஆனது. மேலே போனபோது கண்ணாடியில் பின்னால் மரங்கள் தெரிந்தன.

வெள்ளையண்ணன் வண்டியை ஓரங்கட்டினார்.

“நீதான புள்ள தினமும் வித்துப்போடுன்னு சொன்னே?”

“சொல்லுவனுங்க. வாசல்ல ஆயிலு கெடந்தா வாய் சொல்லத்தாஞ் செய்யும். நாஞ் சொன்னா, வித்துப்போடறதுங்களா?”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். அக்கா கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒழுகிட்டே இருந்தா ஒருநா நெசமாவே வித்துப்போடுவீங்கன்னு பயந்துட்டுத்தான் பாலை வெச்சனுங்க. மழைக்காலத்துல எடப்புளிக்கு, எங்கம்மா ஊட்டுக்கு, வேற எந்த வண்டிங்க போகுது?”

நான் ஆயில் பிரஷர் கேஜையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகான கேஜை அதற்கு முன் பார்த்ததில்லை.

தம்பிகளே, ரிட்டன் ஹோஸ் மாற்றியதும் வருகிற புகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உள்ளே தேங்கினது எரிந்து தீரட்டும், ஒரு ஏற்றம் ஏறிவிட்டு வந்து தீர்ப்புச் சொல்லுங்கள். வண்டியைத் திட்டுகிறவர்களைப் பற்றியும் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். இறங்கும்போது கியர் போடும் சத்தத்துக்கும், சீட்டில் ஸ்பிரிங் குத்துவதற்கும் பாப்பாத்தியக்கா வழியெல்லாம் வண்டியைத் திட்டிக்கொண்டே வந்தார். வெள்ளையண்ணன் ஒவ்வொரு திட்டுக்கும் சிரித்தார்.