சீனித்தாய் ஓட்டில் எறிந்த பல்

சீனித்தாயிடமிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதற்குள் நமக்குத் தொண்டை வற்றிவிடும். "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். அது ஆமாவா இல்லையா என்பது அவளுக்கும் அந்தப் பூவனநாத சாமிக்கும்தான் வெளிச்சம். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸில் அவளும் நானும் ஒரே சீட்டு. அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டு போவேன்.

அவளைக் குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை என்று அவன் இன்னொருத்தியைக் கூட்டிவந்தபோதும் இவள் வாயைத் திறக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் ஆறுமுகசாமி வீட்டுக்கு வந்துவிட்டாள். நானாக இருந்தால் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

ஆறுமுகசாமி அண்ணாச்சிக்குக் கொஞ்சம் ஆடும், உளுந்தும் கம்பும் விளைகிற மானாவாரிக் காடும் உண்டு. தங்கமான மனுஷன். அவர் பொண்டாட்டி ராதாமணிக்கும் மனசு வெள்ளைதான், வாய் மட்டும் சாட்டை. பால் பொங்கினாலும் ஏசுவாள், பொங்காவிட்டாலும் ஏசுவாள். என்னை ஏசினால் நானும் திருப்பி நாலு ஏசிவிட்டு, மத்தியானம் அவள் வீட்டிலேயே போய்க் குழம்பு வாங்கிக்கொண்டு வருவேன். சீனித்தாய்க்கு அது முடியாது. மதினி குரலை உயர்த்தினாலே, பெட்டியைத் தூக்கச் சொல்லிவிடுவாளோ என்று பயந்துவிடுவாள். குடம் உடைந்தால் ஓட்டாஞ்சில்லை ஒளித்துவைப்பாள். சோறு குழைந்துபோனால் மதினி பார்க்குமுன் தானே தின்றுவிடுவாள்.

அந்த வீட்டில் அவள் வாய் திறந்து பேசியது ஒரே ஒரு ஆளிடம்தான். ராதாமணியின் பிள்ளை செல்வகணேஷ், ரெண்டு வயது. அவனிடம் மட்டும் காக்கா கதை, நரிக் கதை எல்லாம் வரும். அவனும் அத்தை மடியில்தான் தூங்குவான்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம், பங்குனி மாசம். காலையில் ஆபீஸ் பஸ் வந்து ஆரன் அடிக்கிறது. நாங்கள் எல்லோரும் ஏறியாயிற்று, சீனித்தாயைக் காணோம். டிரைவர் சோலைராஜ் ஆரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. கடைசியில் ஓடிவந்து ஏறினாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது, கையெல்லாம் சாணி வாடை.

"என்னட்டி?"

தலையை ஆட்டினாள். நானும் விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். ஆரன் சத்தம் கேட்டு இவள் கிளம்ப, பிள்ளை "அத்த, அத்த" என்று பின்னாலேயே ஓடிவந்திருக்கிறான். ஆட்டுக்குத் தண்ணி வைக்கிற கல்தொட்டி பக்கத்தில் கால் இடறி, தொட்டி விளிம்பில் வாய் அடிபட விழுந்துவிட்டான். தூக்கிப் பார்த்தால் வாயெல்லாம் ரத்தம். மேல்வரிசை முன்பல்லில் ஒரு ஓரம் சரிவாக உடைந்துபோயிருக்கிறது. உடைந்த துண்டு தொட்டிக்கடியில் மண்ணில் கிடக்கிறது.

எங்கள் பக்கத்தில் விழுந்த பாற்பல்லை மாட்டுச் சாணி உருண்டைக்குள் வைத்து ஓட்டின்மேல் எறிவது வழக்கம். காக்கா கண்ணில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பல் முளைக்காது என்பார்கள். ஆறேழு வயதில் தானாக விழுகிற பல்லுக்குள்ள வழக்கம் அது. ரெண்டு வயதுப் பிள்ளைக்கு உடைந்துபோன துண்டுக்கு எந்தச் சாஸ்திரமும் கிடையாது. அதையெல்லாம் இவள் எங்கே யோசித்தாள்? பிள்ளைக்குப் பல் முளைக்காமல் போய்விடக் கூடாதே என்ற ஒரே பதைப்பு. துண்டை எடுத்துச் சாணிக்குள் பொத்தி, ஓட்டின்மேல் எறிந்துவிட்டாள். பிள்ளை வாயைக் கழுவி அடுப்படியில் இருந்த ராதாமணி கையில் கொடுத்து, "ஒண்ணுமில்ல மதினி, உதட்டக் கடிச்சிட்டான், சீனி வையிங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டாள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஏச்சு விழுமே!

மத்தியானம் நாங்கள் தீக்குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். வீடுகளில் ஒட்டிய பெட்டிகளை எடுத்துவர வேனில் ஊருக்குப் போயிருந்த சோலைராஜ் திரும்பிவந்து, வாசலிலிருந்தே கத்தினான்.

"ஏ சீனி! ஒங்க அண்ணன் மவனத் திருநேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ. பல்லு ஒடஞ்சு உள்ள போயிட்டாம்."

பிள்ளைக்கு ஏற்கெனவே சளி. காலையிலிருந்து ஓயாமல் இருமியிருக்கிறான். ராதாமணி அவன் வாயைத் திறந்து பார்த்தால் முன்பல்லில் ஒரு ஓரத்தைக் காணோம். வீடு முழுக்கத் தேடியும் துண்டு கிடைக்கவில்லை. கோவில்பட்டி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "உடைஞ்ச துண்டு எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். தெரியவில்லை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. மூச்சுக்குழலில் போயிருந்தாலும் போயிருக்கும், எக்ஸ்ரே படத்தில் சின்னத் துண்டு தெரியாமலும் போகலாம், திருநெல்வேலிக்குப் போய் மயக்க மருந்து கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கூடவே போய்வந்த பக்கத்து வீட்டு முத்துசெல்வி இதை ஊரில் சொல்ல, அதைக் கேட்டுத்தான் சோலைராஜ் வந்திருக்கிறான்.

சீனித்தாய் கையிலிருந்த கட்டைச் சட்டம் கீழே விழுந்து குச்சியெல்லாம் சிதறியது.

"அது ஓட்டுமேல கெடக்கு" என்றாள்.

"எது?"

"பல்லு. நாந்தான் எறிஞ்சேன். உள்ளயெல்லாம் போகல, பிரேமா. ஓட்டுமேல கெடக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு அறை விட்டிருப்பேன். ஆனால் அவள் சிதறிய குச்சிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னோம். மணி அடித்தது, யாரோ எடுத்தார், எந்த வார்டு என்று கேட்டார். எங்களுக்கு எந்த வார்டு தெரியும்? லைன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் கிடைக்கவே இல்லை.

"நேரே போயிச் சொல்லிருவோம் வாட்டி" என்றேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா? காலைல ஒண்ணுமில்லன்னு சொன்னவதான நானு? டாக்டருக்குப் பல்லக் காட்டணும். பல்ல எடுத்துட்டுத்தான் போகணும்."

அவள் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன். சொன்னதிலும் நியாயம் இருந்தது. கணக்கப்பிள்ளை பின்னாலிருந்து கத்தக் கத்த, சோலைராஜ் பெட்டி இறக்காமலே வேனைத் திருப்பினான். அவனை நான் வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஊருக்குப் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. சீனித்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மயக்க மருந்து குடுத்தா சின்னப் பிள்ளைக எந்திரிக்குமா பிரேமா?" என்று கேட்டாள். எந்திரிக்கும் என்றேன். எனக்கு என்ன தெரியும்? எங்கள் தெரு மாடசாமி மகளுக்கு மயக்க மருந்து கொடுத்து அவள் எந்திரிக்காமல் போனது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை.

வீடு பூட்டிக் கிடந்தது. ஏணி இல்லை. ஆட்டுக்கொட்டில் மண்சுவரில் ஏறி, அங்கிருந்து ஓட்டில் கால் வைத்தாள். உச்சி வெயிலில் நாட்டு ஓடு அடுப்புச் சட்டியாகக் காய்ந்திருந்தது. செருப்புப் போட்டால் வழுக்கும் என்று வெறுங்காலோடு ஏறினாள். கீழே நின்ற எனக்கே அவள் பாதத்தை நினைத்து உடம்பு கூசியது.

"எங்கன எறிஞ்ச?"

"முகட்டுப் பக்கம்."

முகட்டில் சாணித் தடம் மட்டும் இருந்தது, உருண்டை இல்லை. உருண்டுவிட்டதா, காக்கா கொத்திக்கொண்டு போய்விட்டதா, தெரியவில்லை. அவள் ஒவ்வொரு ஓட்டு வரிசையாகத் தடவிக்கொண்டு இறங்கினாள். கால் பட்டு ஓடுகள் நொறுங்கின. "மெதுவாட்டி, விழுந்து தொலைக்காத!" என்று நான் கத்த, சோலைராஜ் கீழே கையை ஏந்தியபடி அவளுக்கு நேராக நகர்ந்துகொண்டே இருந்தான். பாதி ஓட்டில் ஒரு சாணித் துண்டு கிடைத்தது. பிட்டுப் பார்த்தாள், வைக்கோல்தான் இருந்தது. உருளும்போது உடைந்து பிரிந்திருக்கிறது. மிச்சத்தைத் தேடி ஓட்டு விளிம்பு வரைக்கும் வந்து, குப்புறப் படுத்து, கடைசி ஓட்டுக்கு அடியில் கையை விட்டாள்.

வெகுநேரம் அப்படியே கிடந்தாள். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

கையை வெளியே எடுத்தபோது ஒரு காய்ந்த சாணிக் கட்டி இருந்தது. பிட்டாள். உள்ளே நொய்யரிசி அளவுக்கு வெள்ளையாக ஒன்று.

வேனில் கிடந்த காலித் தீப்பெட்டி ஒன்றில் அதை வைத்து மூடினோம். சோலைராஜ் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எங்களை இறக்கிவிட, திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினோம். அவள் பெட்டியை ரெண்டு கைக்கும் நடுவில் வைத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். கயத்தாறில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் இறங்கிப் போய் அவர் டீயைக் குடிக்கவிடாமல் சண்டை போட்டுக் கூட்டிவந்தேன். பிள்ளை உயிருக்கு ஆபத்து என்று சொன்னதும் அந்த மனுஷன் கங்கைகொண்டானில் கைகாட்டியவர்களைக்கூட ஏற்றாமல் ஓட்டினார்.

பெரியாஸ்பத்திரியில் எந்தப் பக்கம் போவது? ஒருத்தர் இங்கே என்கிறார், ஒருத்தர் அங்கே என்கிறார். சீனித்தாய் கொப்புளித்த காலோடு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். மாடியில் ஒரு நீள வராந்தாவின் கோடியில் ஆறுமுகசாமி அண்ணாச்சி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ராதாமணி தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் சட்டை அவள் மடியில் இருந்தது.

"இப்பந்தான் உள்ள கொண்டு போனாவ" என்றார் அண்ணாச்சி.

சீனித்தாய் நிற்கவில்லை. நேரே போய் அந்தக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். நர்ஸம்மா கதவைத் திறந்து, "யாரும்மா நீ? இங்கெல்லாம் வரக்கூடாது!" என்று சீறினாள்.

"குழாய் விடாதிய! பல்லு இந்தா இருக்கு!"

"தீப்பெட்டியா? இதை எதுக்கு இங்கே கொண்டு வந்தே?"

"தொறந்து பாருங்கம்மா. ஒங்க காலுல விழுதேன். அவன் முழுங்கல. நாந்தான் ஓட்டுல எறிஞ்சேன்."

வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். ராதாமணி தரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். நர்ஸம்மா பெட்டியைத் திறந்து பார்த்து, மறுபேச்சுப் பேசாமல் உள்ளே கொண்டுபோனாள். கதவு சாத்திக்கொண்டது.

மருந்து கொடுத்துவிட்டார்களோ, குழாய் விட்டுவிட்டார்களோ என்று கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ராதாமணி சீனித்தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீனித்தாய் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று உள்ளே பிள்ளை வீறிட்டான். காலையிலிருந்து பட்டினி கிடந்த கோபமெல்லாம் சேர்ந்த அழுகை. அந்த அழுகையைப் போல இனிப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை.

டாக்டர் வெளியே வந்தார், சின்ன வயசுக்காரர். "மருந்து போட ஊசியைக் கையில எடுத்தோம், அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. துண்டைக் கழுவிப் பல்லோட வச்சுப் பார்த்தேன். அப்படியே பொருந்துது, கொஞ்சம்கூடக் குறையலை. நெஞ்சில இருக்கறது சளிதான். ராத்திரி இங்கேயே வச்சுப் பார்த்துட்டு அனுப்பறோம். அந்தப் பல்லு பழுக்குதான்னு மட்டும் கவனிச்சுக்கிடுங்க" என்றார். பிறகு சீனித்தாயைப் பார்த்து, "இதைக் காலையிலேயே சொல்லக்கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதே கேள்வியை ராதாமணி கேட்டாள். பக்கத்தில் வந்து நின்று, குரலே எழும்பாமல் கேட்டாள்.

"ஏன்ட்டி சொல்லல?"

"நீங்க ஏசுவியன்னு பயந்துட்டேன் மதினி."

ராதாமணிக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. "நான் ஏசுவேன்னு பயந்தா? அதுக்கா எம்பிள்ள தொண்டையில கொழா விடப் பாத்தாவ?" என்றாள். அப்புறம் சுவரோடு சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுதது சீனித்தாய் மேல் உள்ள கோபத்தாலா, தன்மேல் உள்ள கோபத்தாலா என்று கேட்டால், ரெண்டும்தான்.

நர்ஸம்மா பிள்ளையைக் கொண்டுவந்தாள். வாங்கக் கையை நீட்டின ராதாமணி, பிள்ளை அத்தையைப் பார்த்துத் தாவுவதைக் கண்டு அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள் பாருங்கள். அறிவு இருக்கா, கூரு இருக்கா, ஒடஞ்ச பல்ல எவளாவது ஓட்டுல எறிவாளா, கால என்னட்டி பண்ணி வச்சிருக்க, மருந்து போட்டியா, ஓட்ட வேற ஒடச்சியா, மழை பெஞ்சா ஒன் தலையிலயா ஊத்தும், இனிமே எதையாவது எங்கிட்ட மறச்சே, கொன்னு போட்டுருவேன், ஏசுனா ஏசிட்டுப் போறேன், ஒன்ன வீட்ட விட்டா வெரட்டிருவேன்?

வராந்தாவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சீனித்தாய் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அப்படியே தூங்கிப்போனான். பிறகு ராதாமணி மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் வாயைத் திறந்து, "போதும் மதினி, பிள்ள முழிச்சிருவான்" என்றாள்.